வழவழப்பு

மாற்றுவதா, ரிப்பேர் பண்ணுவதா என்று கேட்டுவிட்டு மெக்கானிக் ஜெகன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விட்டான், பதில் சொல்ல வேண்டிய மனுஷன் அல்லவா வீட்டுக்குப் பின்பக்கம் பொடக்காலியில் வெயில் ஏற ஏற நின்றுகொண்டிருக்கிறார். நாச்சிமுத்துவுக்கு முன்னால் அந்தத் தண்ணீர் சாஃப்ட்னர் நின்றது. இடுப்பு உயரத்துக்கு ஒரு நீல உருளை, அதன் தலையில் ஒரு வால்வு, பக்கத்தில் உப்பு கரைக்கிற டப்பா. போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு பதமான தண்ணீராக வீட்டுக்குள் அனுப்ப வேண்டிய சாமான், மூன்று வாரமாக ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கிறது, தண்ணீர் அதைத் தொடாமல் பைபாஸ் குழாய் வழியாக நேரே உள்ளே போகிறது. "உள்ள சுண்ணாம்பப் புடிக்கற மணியெல்லாம் செத்துப்போச்சுங்க சார், அதை மட்டும் மாத்துனாலும் ஓடுமுங்க, ஆனா வால்வும் தேஞ்சு கிடக்குது, புதுசே போட்டுட்டீங்கன்னா உங்களுக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி, கோடவுனுக்குத்தான் போறேன், சித்தெ நேரத்துல கூப்படறேன், ஒரு முடிவச் சொல்லிப்போடுங்க." நிம்மதியாம். அந்த வார்த்தையை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். மில்லில் மெயின்டெனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவர் நாச்சிமுத்து, ஒரு மெஷின் நின்றால் சோறு இறங்காத ஆள், அடுத்தவன் வீட்டு மிக்ஸி மக்கர் பண்ணினால்கூடத் திருப்புளியோடு போய் உட்கார்ந்துவிடுகிற ஆள், அவர் போய் மூன்று வாரமாக இந்தப் பயலுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் ஊருக்குப் போகிறோம் என்றார், எந்த ஊருக்கும் போகவில்லை. அப்புறம் மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார், அவளிடம் கேட்கவேயில்லை. வீட்டுக்குள் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்தில் சுலோச்சனா நிற்கிறாள், அவருடைய சம்சாரம். எதற்காகக் கழுவுகிறாள் என்று கேட்கிற காலமெல்லாம் போய்விட்டது. தினத்தந்தியைத் தொட்டிருப்பாள், ஜன்னல் கம்பியைத் தொட்டிருப்பாள், ஒன்றையும் தொடாமலும் இருந்திருப்பாள். குழாய் எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுதான் இப்போது அவருக்கு உத்தியோகம்.

சுத்தம் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள், அவரும்தான் சொன்னார். ஒறம்பரையாக வந்து போகிற சொந்தக்காரர்களெல்லாம் நாச்சிமுத்து ஊட்டுல தரையிலயே சோத்தப் போட்டுத் திங்கலாம் என்றபோது அவருக்கு எப்படி இருந்தது, மீசையில் கை போகாத குறைதான். மில்லிலிருந்து தலையெல்லாம் பஞ்சாக வந்து நிற்பார், பொடக்காலியிலேயே தண்ணி வாத்துக்கிட்டு வாங்க என்பாள், சரி பொம்பளை சுத்தக்காரி என்று சிரித்துக்கொண்டே சொம்பை எடுப்பார். பால் பாக்கெட்டைக் கழுவினாள், நல்லதுதானே. சோப்பையே இன்னொரு சோப்புப் போட்டுக் கழுவினாள், அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டாமா. மகள் கல்யாணத்தில்தான் உறைத்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிவிட்டான், கெட்டிமேளம் கொட்டுகிறது, பொண்ணோட அம்மா எங்கே என்று தலைகள் திரும்புகின்றன. மண்டபத்துக் குழாயடியில் பட்டுச் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். மேளம் அவள் காதிலும் விழுந்தது, அழுதுகொண்டே கழுவினாள், கழுவினது பாதியில் நிற்கிறதுங்க, எப்படி வருவேன் என்று இவரிடம் கேட்டாள்.  மனசு டாக்டரிடமும் கூட்டிப் போனார்கள், நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார், இது திமிர் இல்லை அம்மா, நோவு என்று அவர் சொன்னதும் சுலோச்சனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை எத்தனை பேர் கை தொட்டிருக்கும்? அதையும் கழுவிவிட்டுத்தான் வாயில் போடுவாள், கழுவினால் மாத்திரை கரைந்துவிடும், கரைந்த வெள்ளைத் தண்ணீர் விரலிடுக்கில் ஒட்டும், அதற்கு ஒரு முறை கை கழுவ வேண்டும். இதைச் சொன்னால் யாராக இருந்தாலும் சிரித்துவிடுவார்கள், மகளே போனில் சிரித்துவிட்டு அப்புறம் தேம்பினாள். சுலோச்சனா ஜாதகத்தில் தண்ணியில கண்டம் என்று எழுதியிருக்கிறதாம், அவளைக் கிணற்றுப் பக்கமே விடாமல் வளர்த்தார்கள், பவானி கூடுதுறைக்குப் போனால்கூடப் படியில் உட்கார வைத்துச் சொம்பில் மொண்டு ஊற்றுவார்களாம். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் பயந்தார்கள், கட்டைவிரல் தண்டிக் குழாயை யார் நினைத்தது.

கையெல்லாம் வெடிக்க ஆரம்பித்தபோதுதான் இந்தச் சாமானை வாங்கினார். இந்தப் பக்கம் போர் தண்ணீர் என்றால் சும்மாவா, பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் வைத்தால் சுற்றி வெள்ளை வளையம் கட்டிக்கொள்ளும், குழாய் வாய் சுண்ணாம்பு பூசினது போல ஆகிவிடும். சிறுவாணித் தண்ணீர் எப்போதோ வருகிறது, குடிக்கவும் சோறாக்கவுமே பத்தாது. ஆக, கை வெடிப்பது தண்ணீரால்தான், தண்ணீரைச் சரி பண்ணினால் கை சரியாகிவிடும். ஃபோர்மேன் மூளை அப்படித்தான் ஓடும், எங்கே தேய்மானமோ அங்கே எண்ணெய் விடு. சாமானைப் பூட்டின அன்றைக்குச் சோப்பு எப்படி நுரைத்தது, பேலா பேலாவாக, கிண்ணம் கிண்ணமாக, சுலோச்சனா சின்னப் பிள்ளை மாதிரி கை நிறைய நுரையை ஏந்திக் காட்டினாள், பாருங்க, எத்தனை நொறை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கை ஆறியது வாஸ்தவம், வெடிப்பெல்லாம் மூடித் தோல் கூடிவிட்டது. ஆனால் குழாய்? முன்னைக்கு இப்போது இன்னும் அதிக நேரம் ஓடியது. மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் காலியாகி மோட்டார் காற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும், அவர் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்துவார். காலையில் உள்ளே போனவள் வெளியே வரும்போது அவர் தனியாகத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். நோவு முற்றிவிட்டது என்று நினைத்தார், எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள், வயசாக ஆக இது கூடத்தான் செய்யும் என்றார்கள், அவரும் தலையை ஆட்டினார். எல்லாம் இந்த நீல உருளை ரிப்பேர் ஆகிற வரைக்கும். ஜெகன் வந்து பைபாஸில் திருப்பிவிட்டுப் போன மூன்றாம் நாள் சாயங்காலம், பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று வீடு என்னவோ போலிருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. கரண்ட் போய்விட்டதா என்று ஃபேனைப் பார்த்தார், ஃபேன் சுற்றியது. குழாய் நின்றிருக்கிறது, அதுதான். சுலோச்சனா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன செய்தியெல்லாம் போட்டிருக்குது என்று கேட்டாள். அவருக்கு நாக்குக் குழறிவிட்டது, தங்கம் விலை ஏறிப்போச்சு என்று என்னத்தையோ சொன்னார். மறுநாளும் குழாய் சீக்கிரம் நின்றது. அதற்கு மறுநாளும். அன்றைக்கு அவள் குளிக்கப் போனபோது அவர் திருடன் மாதிரி அந்த இடத்துக்குப் போய், அவளுடைய சோப்பை எடுத்துத் தன் கையைக் கழுவிப் பார்த்தார். நாலு தேய்ப்பு, இரண்டு கை தண்ணீர், அவ்வளவுதான், தோல் கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது. சாஃப்ட்னர் தண்ணீரில் அப்படி இல்லையே. அதில் எவ்வளவு அலசினாலும் விரல்மேல் விரல் வழுக்கிக்கொண்டே போகும், சோப்பு இன்னும் போகவில்லை, இன்னும் போகவில்லை என்று கை சொல்லிக்கொண்டே இருக்கும். அவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது, சரி போ என்று துண்டில் துடைத்துக்கொண்டு போய்விடுவார். துடைத்துக்கொண்டு போக முடியாதவளுக்கு? அட பாவி மனுஷா, நீயேதான் கொண்டுவந்து பூட்டினாயா. முடிவே தெரியாத தண்ணீரை அவளுக்குக் குழாய் போட்டு ஊற்றிக்கொண்டிருந்தாயா. அங்கேயே ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றையிலிருந்து ஆரம்பித்தது இந்தச் சாக்குச் சொல்கிற வேலை. ரிப்பேர் பண்ணினால் வழவழப்பு வரும், புதுசு வாங்கினால் இன்னும் பலமாக வரும். இரண்டும் வேண்டாம், இப்படியே கிடக்கட்டும், பைபாஸிலேயே ஓடட்டும். நேற்று ராத்திரி அவரோடு உட்கார்ந்து தோசையைச் சூடாகத் தின்றாள். சூடாக. எத்தனை வருஷம் ஆயிற்று. தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி வைத்தபோது வேண்டாமென்று சர்க்கரை போட்டுக்கொண்டாள், ஸ்பூனால் தின்றாள், அதைப் பற்றி ஏன் இப்போது நினைக்க வேண்டும். நினைக்காமல் எப்படி இருப்பது, காரம் பட்டால் எரியும், அதற்காகத்தான். கை மறுபடி வெடித்துவிட்டது. மணிக்கட்டு வரைக்கும் கறுத்து, விரல் மடிகிற இடமெல்லாம் பிளந்து கிடக்கிறது. தேங்காயெண்ணெய் தடவு என்றால் பிசுக்கு என்கிறாள், பிசுக்கைப் போக்க ஒருமுறை கழுவ வேண்டும். கையுறை வாங்கி வந்தார், கையுறையைக் கழுவினாள். முந்தாநாள் துண்டைக் கொடியில் விரித்தபோது அதில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. குங்குமம் என்று நினைத்துக்கொண்டார். குங்குமம் எதற்குக் கை துடைக்கிற துண்டில் வரப்போகிறது? வரும், வரக்கூடாதென்று ஏதாவது இருக்கிறதா, நெற்றியைத் துடைத்திருப்பாள். மில்லில் ஒரு மெஷின் தேறாது என்று தெரிந்தால் கண்டம் பண்ணிவிடுவார்கள், சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். கண்டம் பண்ணுகிற பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் ஒரு தடவை தனியாகப் போய் அந்த மெஷினைத் தொட்டுப் பார்ப்பார், எவனுக்கும் தெரியாது. இப்போதும் நீல உருளையின்மேல் கையை வைத்தார், வெயிலில் சுட்டது. உன்னைக் கண்டம் பண்ணுவதா, பிழைக்க வைப்பதா. உன்னைப் பிழைக்க வைத்தால் அவளுக்குக் கை இருக்கும், பொழுது இருக்காது. உன்னைக் கண்டம் பண்ணினால் பொழுது இருக்கும், கை இருக்காது. எது பெரிசு, யாரைக் கேட்பது. மகளைக் கேட்டால் அம்மாவை என்கூட அனுப்பிருங்கப்பா என்பாள், பெங்களூரில் என்ன தண்ணீரோ. டாக்டரைக் கேட்டால் மாத்திரையை விடாமல் கொடுங்கள் என்பார். கொடுக்கிறேன் சாமி, வாயில் போட வேண்டுமே. என்னடா பொழப்பு இது, ஒரு தண்ணீர் சாமானை வைத்துக்கொண்டு அறுபது வயசில் ஒரு மனுஷன் நடுங்குகிறானே. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் அவருக்குச் சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தண்ணீரில் அவளுக்குப் போதும் என்று தோன்றுகிறது, சுத்தமாயிற்று என்று கை ஒப்புக்கொள்கிறது, கிறீச் என்கிறது, நிறுத்துகிறாள். போதும் என்று ஒருதடவை தோன்றிவிட்டால் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மனசுக்கும் பழகிவிடாதா? பழகிவிடும். தோல் வெடித்தால் மருந்து இருக்கிறது, மனசு பழகிவிட்டால் அதுவே பெரிய சங்கதி. இல்லை என்று சொல்லிவிடலாம், ஜெகன் கூப்பிட்டால் வேண்டாம் தம்பி என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு அவளிடம் சாமான் கிடைக்கவில்லையாம் என்று ஒரு பொய். முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது, உடனே துண்டு ஞாபகம் வந்தது, மறுபடி முதலிலிருந்து.

குழாய் நின்றது. சுலோச்சனா பொடக்காலி நிலைப்படிக்கு வந்தாள். இரண்டு கையையும் எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள், முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது.

"அந்தத் தம்பி போயிருச்சுங்களா?"

"போயிட்டான். கோடவுனுக்குப் போறானாம், அங்கிருந்து கூப்படறேன்னான்."

"நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. யோசனை பண்ணிட்டிருக்கறேன்."

"மூணு வாரமாவா? மில்லுல இப்படி யோசிச்சிருந்தீங்கன்னா உங்களுக்கு ஒரு மாசச் சம்பளம் வந்திருக்காது."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். இப்படி நின்று கேலி பேசி எவ்வளவு காலம் ஆயிற்று, இந்தத் தண்ணீருக்குத்தான் கும்பிடு போட வேண்டும் என்று நினைத்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், இத்தனை நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஏம்புள்ள, இந்தத் தண்ணில உனக்குச் சீக்கிரம் போதும்னு தோணிருதில்ல? அந்த வழவழப்பு இல்லாததுனால?"

அவள் அவரையே பார்த்தாள்.

"அதுக்குத்தான் அந்தத் தம்பிகிட்ட இழுத்துட்டு இருந்தீங்களா?"

அவர் குனிந்து உப்பு டப்பாவின் மூடியைத் திருகினார்.

"போதும்னு எனக்கு எந்தத் தண்ணிலயும் தோணுனதில்லீங்க" என்றாள் சுலோச்சனா. குரலில் அழுகையெல்லாம் இல்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்பது போலத்தான் சொன்னாள். "எரியுது. சோப்பு உள்ள எறங்குனா உசுரு போகுது. தாங்க முடியாமத்தான் நிறுத்திட்டு வந்தர்றேன். உங்க பக்கத்துல உக்காந்திருக்கறப்பவும் உள்ளார அது கழுவு கழுவுன்னுதான் சொல்லிட்டிருக்குது."

கீழே ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனது மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. கிறீச்சும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனசு பழகவும் இல்லை. பேப்பரில் என்ன செய்தி என்று கேட்டபோதும், தோசையைத் தின்றபோதும், வலி அவளை அங்கிருந்து துரத்திவிட்டது, அவ்வளவுதான், ஓடிவந்தவள் இவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து இவர் மூன்று வாரமாகச் சந்தோஷப்பட்டிருக்கிறார். துண்டில் இருந்தது என்ன என்று அவருக்கு அன்றைக்கே தெரியும்.

"புதுசே போடச் சொல்லிர்றேன் சுலோச்சனா. இன்னிக்கே போடச் சொல்றேன்."

"வேண்டாமுங்க."

"கையைப் பாரு புள்ள."

"பாத்துட்டுத்தானுங்க சொல்றேன். இது ஆறிருச்சுன்னா நான் மறுபடி உள்ளயேதான் கிடப்பேன். எரிஞ்சாத்தான் வெளிய வர முடியுது. எனக்கு வேற வழி தெரியலீங்க, உங்களுக்குத் தெரியுமா?"

தெரிந்தால் சொல்ல மாட்டாரா. டாக்டர், மாத்திரை என்று வாய்வரைக்கும் வந்தது, அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், ஜெகன்தான். எடுக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் குடுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

அவள் போனைத் தொட மாட்டாள். அவர்தான் பட்டனை அமுக்கி, அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தார், கம்மலில்கூடப் பட்டுவிடக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடித்தார். இன்னொரு கையால் தன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"தம்பி, நான் அம்மா பேசறேன். ஒண்ணும் எடுத்துட்டு வர வேண்டாம். இப்ப இருக்கறாப்பலயே இருக்கட்டும்."

அந்தப் பக்கத்திலிருந்து ஜெகன் என்னென்னவோ சொல்வது அவருக்கும் கேட்டது. குழாயெல்லாம் சுண்ணாம்பு அடைச்சுப் போயிருமுங்கம்மா, ஹீட்டர் போயிரும், தோலுக்கும் நல்லதில்லீங்க.

"தெரியும் தம்பி. சார்கிட்டத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். கையைத் தூக்கிப் பிடித்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாச்சிமுத்து போனைத் தன் காதில் வைத்தார். இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போட்டுவிடு தம்பி என்றால் மத்தியானத்துக்குள் வந்து பூட்டிவிட்டுப் போய்விடுவான், அவள் தடுக்கவும் மாட்டாள், அவர் சொன்னதை அவள் தட்டினதில்லை. ஒரு வாரத்தில் கை ஆறிவிடும், நுரை பொங்கும், குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாகத் தின்றுவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். அந்தத் தனிச் சோறுதான் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அவள் கை நினைவுக்கு வந்திருந்தால் தேவலை. அவருக்கு அது தெரிந்தது, தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாளே என்று உள்ளே ஏதோ ஒன்று மெல்லக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது, சீ என்று அதைத் துரத்தப் பார்த்தார், அது போகவில்லை.

"ஏனுங்க சார், அம்மா வேண்டாங்கறாங்க" என்றான் ஜெகன். "நீங்க என்ன சொல்றீங்க? புதுச ஏத்தட்டுமா, வேண்டாமா?"

"அம்மா சொன்னதுதான், தம்பி" என்றார் நாச்சிமுத்து.